பன்னிரண்டு கட்டமும் ஒரு தங்கத் தாளும்

என் மகளுக்கு மாதத்துக்கு ஒரு தரம் பார்சல் வருகிறது. பூப்போட்ட டேப்பு, மினுமினுப்புத் தாள், காய்ந்த இலையை அமுக்கி ஒட்டிய அட்டை, சுண்டுவிரல் நகம் அளவில் எழுத்து அச்சுகள். எல்லாவற்றையும் ஒரு தடித்த நோட்டில் ஒட்டி, மேலே கலர் பூசி, பக்கத்தில் நாலு வரி எழுதுகிறாள். அதற்கு ஜர்னல் என்று பெயராம். அவள் கத்தரிக்கோலை எடுத்தாலே நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். விரலை வெட்டிக்கொள்வாளோ, மினுமினுப்பு கண்ணில் விழுமோ, பசை வாசனை தலைக்கு ஏறுமோ. நான் பயப்படுவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை, அது தானாக வந்து சேரும்.

போன வாரம் அவள் ஒரு வெள்ளித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒட்டாமல், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். எழுந்துபோய், பரண்மேல் துணி சுற்றி வைத்திருந்த என் டைரியை இறக்கினேன்.

அது உரக்கடைக்காரர் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. அப்பாவுக்கு அதில் எழுத ஒன்றும் இருக்கவில்லை, அதனால் எனக்கு வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கோவில்பட்டியில் எட்டயபுரம் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்திக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டும் வேலை. எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற ஆபீஸ் என்று வேறொன்று இருப்பதே வெகுநாள் எனக்குத் தெரியாது.

அச்சில் கலர் நகர்ந்துபோன லேபிள்களை அங்கே ஒதுக்கிப் போடுவார்கள். சித்தி அவற்றைத் தூக்குவாளிக்குள் வைத்துக் கொண்டுவருவாள். புலிக்கு இரண்டு மூக்கு இருக்கும். மானின் கொம்பு மானை விட்டு ஒரு நூல் தள்ளி நிற்கும். தாமரையின் சிவப்பு இதழுக்கு வெளியே வழிந்திருக்கும். எல்லாவற்றிலும் ரச வாசனை அடிக்கும். இன்றைக்கும் எனக்குப் புலியைப் பார்த்தால் ரசம்தான் ஞாபகம் வருகிறது.

லேபிளோடு நிற்கவில்லை. பட்டாசு சுற்றிய சிவப்புத் தாள், வளையல் கடையில் மடித்துத் தரும் ரோஸ் தாள், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத் தாள், பொட்டு தீர்ந்துபோன அட்டை, கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய பிள்ளையார். சாயங்காலம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, சிவப்பைத் தனியாகவும் பச்சையைத் தனியாகவும் பிரிப்பேன். ஒட்டுவதைவிடப் பிரிப்பதில்தான் சுகம். பிரிப்பதையும்விட, இதை நாளைக்கு ஒட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒட்டாமலே வைத்திருப்பதில் இன்னும் பெரிய சுகம். ஒட்டிவிட்டால் முடிந்துபோகும் அல்லவா?

பசைக்குக் கருவேல மரத்துப் பிசினைத் தண்ணீரில் ஊறப்போடுவேன். அது காய்ந்தால் தாள் கொப்பளிக்கும், சுருங்கும். மறுநாள் எறும்பு வரும்.

சித்தியும் சேர்ப்பாள். பெரியவள், சின்னப் பிள்ளைக்கு விட்டுக்கொடுப்போம் என்கிற நினைப்பெல்லாம் அவளுக்குக் கிடையாது. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு ஆபீசில் வேலை பார்க்கிற எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார்கள். அதன் கவரைப் பிரித்தால் உள்ளே உள்ளங்கை அகலத்துக்குத் தங்கத் தாள். ஒரு சுருக்கம் கிடையாது. முகம் தெரிந்தது அதில்.

"சித்தி, அத எனக்குத் தா."

"மூஞ்சியப் பாரு. இது எனக்கு வந்த பத்திரிக. எம் பேரு எழுதியிருக்கு, பாத்தியா?"

"நீ வச்சு என்ன செய்யப்போற? எங்கன ஒட்டுவ?"

"ஒட்டுததுக்கு எடம் வரும்போது ஒட்டுவேன். ஒனக்கென்னட்டி?"

"ஒரு ஓரம் மட்டும் வெட்டித் தா."

"ஓரத்த வெட்டுனா அப்புறம் அது தங்கமா? தகரம். போ அங்கிட்டு."

நாலு மான், இரண்டு மூக்குப் புலி ஒன்று, வளையல் கடைத் தாள் மொத்தமும் தருவதாகப் பேரம் பேசிப் பார்த்தேன். மசியவில்லை. அவள் அதைத் தன் சேலைகளுக்கு நடுவில் வைத்துவிட்டாள். அவள் வேலைக்குப் போனபிறகு நான் தினமும் சேலையை விலக்கிப் பார்த்துவிட்டு, தொட்ட அடையாளம் தெரிந்துவிடுமோ என்று பயந்து, திரும்பவும் நீவி வைப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா தகரப் பெட்டியைக் காலிசெய்து, அடியில் புதுப் பேப்பர் விரிக்கச் சொன்னாள். பெட்டிக்குள் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மடித்த தாள் ஒன்று. விரித்தால், பக்கம் முழுக்க ஒரு பெரிய சதுரம். சுற்றிலும் பன்னிரண்டு கட்டம், நடுவில் காலி இடம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. கட்டங்களுக்குள்ளே சூ என்றும் செ என்றும் கு என்றும் ஒற்றை எழுத்துகள். யாரோ பாண்டி விளையாட வரைந்து, விளையாடுகிறவர்களின் பெயரைச் சுருக்கி எழுதிவைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவல்ல விஷயம். ஒவ்வொரு கட்டமும் சரியாக ஒரு லேபிள் அளவு.

அதைக் கண்டபிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டைரியில் வைத்து, நாலு மூலையிலும் ஒரு சொட்டுப் பிசின் தொட்டு ஒட்டினேன். முதல் கட்டத்தில் இரண்டு மூக்குப் புலியை ஒட்டினேன். அதற்குள் தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா கூப்பிட்டாள். எங்கள் ஊரில் தண்ணீர் வந்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம்தான். டைரியை மூடிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு நாள் கழித்துக் கயத்தாற்றிலிருந்து பெரிய மாமா வந்தார். அம்மாவுக்கும் சித்திக்கும் மூத்த அண்ணன். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார்.

"நல்ல எடம்ட்டி. எப்போதும்வென்றான் ஊர்ல பதினஞ்சு ஏக்கர் காடு. மொத தாரம் தவறி ஒரு வருசம் ஆச்சு. ரெண்டு பிள்ளைய. நம்மகிட்ட ஒண்ணும் வேண்டாம்னுட்டாவ. வெள்ளிக்கிழம ஜாதகத்தக் குடுத்திருதோம்னு அவியகிட்டச் சொல்லிட்டேன்."

"வயசு என்ன இருக்கும்ண்ணே?"

"வயசு என்ன வயசு. நாப்பதெல்லாம் ஆம்பளைக்கு ஒரு வயசா?"

அடுப்படியில் சித்தி குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது. நான் அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என்னென்ன சேர்த்துவைத்திருப்பார்கள், மானுக்கு மாற்றாக எதைக் கேட்கலாம் என்று.

அம்மா பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் பை காலி. சேலைகளை உதறினாள். ரேஷன் கார்டை உதறினாள்.

"இங்கனதான வச்சிருந்தேன். நாலு மூலையிலயும் மஞ்ச தடவுன தாளு."

"ஜாதகம் என்ன கோழியாட்டி, எந்திரிச்சு மேயப் போக?" என்றார் மாமா.

எந்தத் தாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா வேறு புலம்பிக்கொண்டே தேடினாள். "ஒரு பொட்டப்பிள்ள ஆயுசே அதுலதான எழுதியிருக்கு." அரிசிப் பானை, சாமி படத்துக்குப் பின்பக்கம், அப்பாவின் சட்டைப் பை என்று வீட்டில் எல்லா இடத்தையும் தேடினார்கள், என் டைரியைத் தவிர. அது குப்பை என்பது அம்மாவின் தீர்மானம். குப்பைக்குள் யாராவது ஜாதகத்தைத் தேடுவார்களா?

மாமா கடைத்தெருப் பக்கம் போனதும், புறவாசலில் துணி அலசிக்கொண்டிருந்த சித்தியிடம் டைரியோடு போய் நின்றேன்.

"சித்தி, ஒன் ஆயுசுல புலிய ஒட்டிட்டேன்."

"என்னத்தட்டி சொல்லுத?"

பக்கத்தைத் திறந்து காட்டினேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். முதுகில் விழப்போகும் அடிக்கு நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

"நாலு மூலதான் ஒட்டியிருக்கேன். எடுத்தா வந்துரும். மாமாட்டக் குடுத்துருவமா?"

சித்தி ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். சிரமமே இல்லாமல் எழும்பியது. பார்த்தாள். மறுபடி அமுக்கிவிட்டாள்.

"குடுத்தா, ஒட்டுனது யாருன்னு மாமா கேக்காதா? தோல உரிச்சிரும். இத யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது, கேட்டியா? விட்டேன்னு வையி, இனி இந்த வீட்டுக்கு ஒரு லேபிள் வராது."

நான் தலையைத் தலையை ஆட்டினேன். என்னைக் காப்பாற்ற ஒருத்தி இருக்கிறாள் என்று அழுகை வந்தது.

மறுநாள் டைரி அவளிடம் இருந்தது. சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரத்தில் என்னிடம் திரும்பி வந்தது. மீதிப் பதினொரு கட்டத்திலும் லேபிள் ஒட்டியிருந்தாள். ஒன்றில்கூடக் கலர் நகர்ந்திருக்கவில்லை. எல்லாம் நல்ல லேபிள், ஒற்றை மூக்குப் புலிகள். அப்படிப்பட்டதை அவள் அதற்கு முன்னும் கொண்டுவந்ததில்லை, பின்னும் கொண்டுவந்ததில்லை. நடுவிலிருந்த காலி இடமும் காலியாக இல்லை. அதைச் சொல்வதற்கு முன் மாமா கதையை முடித்துவிடுகிறேன்.

வியாழக்கிழமை மாமா மறுபடி வந்தார். அம்மா காப்பி கொடுத்தாள். சுட்டது. கீழே வைக்கப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். என் டைரி இருந்தது. அதன் மேல் டம்ளரை வைத்துவிட்டு, ஜாதகம் தொலைந்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அந்த வட்டக் கறை இன்னும் அட்டையில் இருக்கிறது. சித்தி வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு அந்த டம்ளரையே பார்த்தபடி நின்றாள். காப்பி ஆறிவிடுமே என்று பார்க்கிறாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதாக எழுதிவிடலாம் என்று எட்டயபுரத்து ஜோசியரிடம் போனார்கள். அவர் பிறந்த நேரம் கேட்டார். மில் சங்கு ஊதும்போது பிறந்தாள் என்றாள் அம்மா. முதல் சங்கா, இரண்டாம் சங்கா என்று அவளுக்கும் மாமாவுக்கும் ஜோசியர் வீட்டிலேயே சண்டை. அதற்குள் ஜாதகம் காணாமல்போன சேதி எப்போதும்வென்றானுக்குப் போய்விட்டது. ஜாதகம் தொலைந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்று அங்கே பெரியவர்கள் சொல்லிவிட்டார்களாம். மாமா கோபித்துக்கொண்டு ஒரு தீபாவளிக்கு வரவில்லை.

சித்தி இன்னும் மூன்று வருஷம் எங்கள் வீட்டில் இருந்தாள். அதே தூக்குவாளி, அதே ரசப் புலிகள். பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒருவர் வீட்டிலிருந்து, ஜாதகமெல்லாம் வேண்டாம், பெயர்ப் பொருத்தமே போதும் என்று வந்து கேட்டார்கள். இந்தத் தடவை கரண்டிச் சத்தம் நிற்கவில்லை. நான் எட்டாம் வகுப்பு முடித்திருந்தேன். சித்தி போனபின் வீட்டுக்கு ஒரு சம்பளம் குறைந்தது. ஆபீசில் அவள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. ஜூன் மாதம் மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள், நான் ஆபீஸ் வேனில் ஏறினேன். அவள் எங்களோடு இருந்த அந்த மூன்று வருஷம்தான் நான் கடைசியாகப் படித்த மூன்று வருஷம். இதை யாரும் கணக்குப் பார்த்துச் செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது.

என் மகள் டைரியைப் புரட்டிக்கொண்டே வந்தாள். பிசினில் ஒட்டியதெல்லாம் சுருண்டு, பழுத்து, பாதியைப் பூச்சி தின்றிருந்தது. என் புலி எப்போதோ உதிர்ந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் மட்டும் செ என்று ஓர் எழுத்து தெரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் சித்தி ஒட்டியதெல்லாம் அப்படியே இருக்கிறது.

"இது மட்டும் எப்படிம்மா? ஒரு கொப்புளம்கூட இல்ல" என்று நகத்தால் நெம்பிப் பார்த்தாள். ஒரு மூலைகூட எழும்பவில்லை.

எனக்குத் தெரியும். அது ஆபீஸ் பசை. மைதாவில் மயில்துத்தம் கலந்து காய்ச்சியது, பூச்சி கிட்டே வராது. லேபிளுக்கு மட்டுமல்ல, அடியில் இருக்கும் ஜாதகத் தாளின் முதுகு முழுவதும் அதைத் தடவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி விட்டிருக்கிறாள். நானும் அந்த வேலை பார்த்தவள். இனி ஒருநாளும் கழன்று வரக் கூடாது என்றால்தான் அப்படி ஒட்டுவோம். என்னை அடி வாங்காமல் காப்பாற்றுவது மட்டும்தான் என்றால் நாலு மூலையையும் நெம்பி எடுத்து, பெட்டிக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை.

பொங்கலுக்குப் பொங்கல் சித்தி போன் பண்ணுகிறாள். சாப்பிட்டியா, மக படிக்காளா என்று கேட்பாள். கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். மறந்துபோச்சே என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். மறக்கவில்லை என்று சொல்லிவிட்டால் அடுத்து நான் என்ன பேசுவது என்று அதைவிடப் பயம். போனை வைத்தபிறகு, தூக்குவாளி மூடி திறக்கும் சத்தத்துக்காகக் காது காத்திருப்பது போல இருக்கும்.

நடுவில் இருந்தது தங்கத் தாள். ஓரம் வெட்டாமல், முழுசாக, ஒரு சுருக்கம் இல்லாமல். அன்றைக்கு அதைப் பார்த்ததும் டைரியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு ஓடினேன். சித்தி கையில் ஒட்டியிருந்த பசையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, தங்கத்த எனக்குக் குடுத்துட்டியா?"

"எடம் வந்துச்சு, ஒட்டிட்டேன்" என்றாள், திரும்பாமல்.

கட்டக்கடைசியில் நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் துடித்தது. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்பது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு இருந்த வருத்தம்.