பலகையில் இரண்டு கேமரா

கல்யாண வீடியோ எடுக்கப் போகும் நாளில் பேட்டரியை நான்கு தடவை தொட்டுப் பார்ப்பேன். கேசட் சிக்கிவிடுமோ, லைட் அணைந்துவிடுமோ என்று பயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதுவும் கைவிட்டுப் போனால் வேறு பிழைப்பு தெரியாது. அந்தப் பயத்தில்தான் ஒரே பலகையில் இரண்டு கேமராவைப் பக்கத்தில் பக்கத்தில் திருகி வைத்தேன். ஒன்றில் வழக்கமான வெளிச்சம். என் தப்பு இரண்டிலும் விழக் கூடாதே என்று, இன்னொன்றில் உள்ளே விழும் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன். நீடாமங்கலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த என் முதலாளி அதற்கு ரெட்டை மாட்டு வண்டி என்று பெயர் வைத்தார்.

குத்தாலத்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார், லீவு கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டோடு பேசி முடித்தது எல்லாம் ஃபோனில்தான். முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு பெண்ணின் அத்தை என்னிடம் வந்தார். பெண் கறுப்பாகத் தெரியக் கூடாதாம், லைட்டை நேரே அவள் முகத்தில் அடிக்க வேண்டுமாம். மறுத்துப் பேச எனக்குத் தைரியம் ஏது? அப்படியே அடித்தோம்.

சி.டி. மஸ்கட் போய்ச் சேர்ந்ததும் பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கே ஃபோன் செய்தார். திட்டப்போகிறார் என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளியே பிடித்தேன்.

"தம்பி, மாப்பிள்ளை நல்லாத் தெரியிறாரு. எம்பொண்ணு மூஞ்சி மட்டும் வெள்ளைத் தட்டு மாதிரி இருக்கு. தாலி கட்டுறப்ப அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல. அவளக் கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்ப்பாங்கிறா. நான் பாக்காம முடிச்ச கல்யாணம் தம்பி அது."

வெளுத்தது வெளுத்ததுதான், உட்கார்ந்து முகம் வரையப் போகிறாயா என்றார் முதலாளி. நான் இரண்டாவது கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். முகம் இருந்தது! கண், மூக்குத்தி, கன்னம் எல்லாம் இருந்தன. ஆனால் அவளைச் சுற்றி ஒரே இருட்டு. வாய் கோணுகிறது, அழுகையா சிரிப்பா, எதற்காக என்று ஒன்றும் புரியவில்லை.

வீடியோவில் பெயர் ஓட்டுவதற்காக வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று ஸ்டுடியோவில் இருந்தது. அதில் இருக்கும் இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். வெளிச்சமான படத்தை மேலே வைத்து, இருட்டுப் படத்தைக் கீழே வைத்தேன். இரண்டிலும் கெட்டிமேளத்தின் முதல் அடி ஒன்றாக விழும்படி பொருத்தினேன். ஒரு விரல்கடை விலகியிருந்ததை நகர்த்திச் சரிசெய்தேன். பிறகு ஒவ்வொரு பட்டனாகத் தட்டினேன். ஒன்றைத் தட்டியதும் மேல் படத்தில் வெளுத்த இடமெல்லாம் ஓட்டையாகி, அதன் வழியே கீழே இருந்த முகம் எட்டிப் பார்த்தது. கத்தரித்து ஒட்டியது போல் ஓரம் தெரிந்தது. கரண்ட் போய்விடுமோ என்று நிமிஷத்துக்கு ஒருமுறை சேவ் செய்துகொண்டே, கீழ்ப் படத்தைக் கொஞ்சம் தூக்கி, ஓரத்தைக் கரைத்தேன். மூன்று நாள் ஆனது. பிறகு ஓட்டிப் பார்த்தேன்.

மூன்றாவது முடிச்சைப் போட நாத்தனார் குனிகிறாள். பெண்ணின் காதில் ஏதோ சொல்கிறாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுத் திரும்புகிறார். பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். முதலாளி ரிவைண்ட் செய்யச் சொல்லி ஐந்து தடவை பார்த்தார்.

புது சி.டி. போன பிறகு மறுபடியும் மஸ்கட்டிலிருந்து ஃபோன் வந்தது. இந்தத் தடவை ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"தெத்துப்பல்லு இருக்குன்னு அவ சிரிச்சா கையால வாய மூடிக்குவா தம்பி. கையில தேங்கா இருந்துச்சு பாருங்க, மூட முடியல. பல்லு தெரியுது தம்பி. நல்லாத் தெரியுது."

நாத்தனார் அப்படி என்னதான் சொன்னாள் என்று கேட்டார். அது எந்தக் கேமராவிலும் விழவில்லை என்றேன். அவர் சிரித்த சிரிப்பு ஸ்டுடியோ முழுக்கக் கேட்டிருக்கும்.

அடுத்த முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது முதலாளியே பலகையைத் தூக்கி வேனில் வைத்தார். "வண்டி பூட்டியாச்சு, ஏறு" என்றார். நான் பேட்டரியை நான்காவது தடவையாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறினேன்.