மாமாவின் ஸ்கூட்டரில் குறைந்த பெட்ரோல்

மாமல்லபுரத்துக்குச் சிலர் சிற்பம் பார்க்கப் போவார்கள், சிலர் கடல் பார்க்கப் போவார்கள். நாங்கள் போன மாதம் ஒரு சனிக்கிழமை சண்டை போடப் போனோம்.

சண்டைக்காரர் என் மாமனார் ஏகாம்பரம். அணுமின் நிலையத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது கூடுவாஞ்சேரியில் எங்களோடு இருக்கிறார். எதிராளி தாமோதரன். அணுபுரம் ஊழியர் குடியிருப்பில் மாமாவுக்கு அடுத்த வீட்டுக்காரராக இருந்தவர், இப்போது நாவலாசிரியர். சண்டை எதைப் பற்றி என்றால், முப்பது வருடத்துக்கு முன்பு மாமாவின் ஸ்கூட்டரில் குறைந்த பெட்ரோலைப் பற்றி.

மாமா வேலைக்கு நிலையத்துப் பேருந்தில் போவார். ஸ்கூட்டர் வீட்டு வாசலில் சும்மா நிற்கும். சும்மா நிற்கிற வண்டியில் பெட்ரோல் எப்படிக் குறையும்? டேங்குக்குள் ஈர்க்குச்சியை விட்டு அளந்து, நகத்தால் கீறி அடையாளம் வைத்து, இவராகவே ஒரு புலன்விசாரணை நடத்தியிருக்கிறார். கடைசியில் தாமோதரனை நடுத்தெருவில் நிறுத்தி, "பெட்ரோல் திருடன்" என்று கத்திவிட்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது.

போன வருடம் தாமோதரனின் நாவல் வந்தது. நானூறு பக்கம். அதில் பதினாலாம் அத்தியாயத்தில், கணவன் ஷிப்டுக்குப் போனதும் ஒரு பெண் அவனுடைய ஸ்கூட்டரை எடுத்துக் குடியிருப்பைச் சுற்றி ஓட்டிப் பழகுகிறாள். விஷயம் தெரியாத கணவன் பெட்ரோல் போச்சு என்று ஊரையே சந்தேகப்படுகிறான். இதைப் படித்த மாமா இரண்டு நாள் அந்த அத்தியாயத்தையே திரும்பத் திரும்பப் புரட்டினார். என் மாமியார் சுலோச்சனா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் கேட்க வழியில்லை.

"அவ ஓட்னாளா இல்லியா? அத்த அவன் என் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்" என்றார் மாமா. என் கணவர் அலுவலக வேலை என்று நழுவிவிட்டார். ஆகவே காரை ஓட்டியது நான்.

என் ஓட்டுதலில் மாமாவுக்கு நம்பிக்கை கிடையாது. பக்கத்து இருக்கையில் அமர்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வருவார். காலை ஆறரைக்குக் கிளம்பி, ஜி.எஸ்.டி. சாலையில் இருபது கிலோமீட்டர் தள்ளிச் செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அங்கே பொங்கலும் வடையும் சாப்பிட்டோம். வடை சுமார், சட்னி பிரமாதம். பிறகு திருக்கழுக்குன்றம் வழியாக அணுபுரம். குடியிருப்புக்குள் போக, தெரிந்தவர் யாராவது உள்ளே இருந்தால் வாசலில் வேலை சுலபம். மாமாவின் பழைய சகா ஒருவர் இருந்ததால் நாங்கள் தப்பித்தோம்.

முதலில் தன் பழைய வீட்டைப் பார்த்துவிட வேண்டும் என்றார் மாமா. "நாவல்ல அப்படியே எழுதிக்கீறான்மா. மாடிப்படிக்குக் கீழ வண்டி, எதிர்ல வேப்பமரம். கண்ண மூடிக்கினு போவேன்." கண்ணைத் திறந்துகொண்டே போனோம், மூன்று முறை தவறான வீட்டுக்கு. குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. எல்லா மாடிப்படிக்கும் கீழே இடம் இருக்கிறது, எல்லா வீட்டுக்கும் எதிரே ஒரு வேப்பமரம் நிற்கிறது. நான்காவது வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்து, "நாவல் படிச்சிட்டு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. அதுல ஸ்கூட்டர் ஓட்ற பொம்பள என் சம்சாரம்" என்றார் மாமா.

"இல்லீங்களே, அது எங்கம்மா. எங்கப்பாதான் சொன்னாரு. அவரு வண்டியிலயும் பெட்ரோல் காணாமப் போச்சாம்."

இருவரும் மேலும் கீழுமாகக் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். யாருடைய மனைவி, யாருடைய அம்மா என்று முடிவாகாமலே விடைபெற்றோம். காரில் ஏறியதும் மாமா, "எல்லா வூட்டு ஸ்கூட்டரும் எப்படிமா ஓடியிருக்கும்?" என்று என்னைக் கேட்டார். அது நல்ல கேள்வி.

மதியச் சாப்பாடு புதுப்பட்டினத்தில், மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மீன் கடை. இந்தக் கடையும் நாவலில் வருகிறது. பொரித்த வஞ்சிரத்தைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருப்பார், படிக்கும்போதே விரலில் எண்ணெய் ஒட்டும். வஞ்சிரம் கேட்டோம். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா அண்ணாத்த, நீங்களும் அந்த புக்கு படிச்சவங்களா? அவரு துன்னது சங்கரா. வஞ்சிரம்னு எழுதி வுட்டாரு. அதுலேர்ந்து வர்றவங்க எல்லாம் வஞ்சிரம் எங்க வஞ்சிரம் எங்கன்னு உசுர எடுக்கறாங்க. ஒரே பேஜாரு."

சங்கரா சாப்பிட்டோம். நன்றாகவே இருந்தது. இரண்டு சாப்பாடும் மீனும் சேர்த்து நானூற்று இருபது ரூபாய். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மீனையே மாற்றுகிறவர், மாமியாரை விட்டு வைத்திருப்பாரா? நானும் அந்த நாவலைப் படித்தவள்தான். மாமியார் ஸ்கூட்டர் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் படித்த நாளிலிருந்து மஞ்சள் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் வளைவில் திரும்புவது எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது. பிறகு புரட்டிப் பார்த்தால், நாவலில் புடவைக்கு நிறமே சொல்லவில்லை. மஞ்சளை நானே போட்டிருக்கிறேன்.

புதுப்பட்டினத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர், மாமல்லபுரம். தாமோதரனின் வீடு சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருவில், நாள் முழுக்க உளிச் சத்தத்துக்கு நடுவில் இருக்கிறது. கதவைத் திறந்தவர் மாமாவைப் பார்த்தார். நலமா என்று கேட்கவில்லை.

"எந்த அத்தியாயம்?" என்றார்.

"பதினாலு."

"ஸ்கூட்டரா? அதுக்கு ஏற்கெனவே நாலு பேர் வந்துட்டுப் போயிட்டாங்க. உள்ள வா ஏகாம்பரம். நீயும் வாம்மா."

மாமா உட்காரவில்லை. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசவுகளை மறந்துவிட்டு நேராகக் கேட்டார்: "சுலோச்சனா ஓட்னாளா?"

"எனக்கெப்படித் தெரியும்? நீ போன அதே பஸ்லதானே நானும் போனேன்!"

முப்பது வருடமாக மாமாவுக்குத் தோன்றாத விஷயம் இது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவரைத்தான் திருடன் என்றிருக்கிறார். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். தேநீர் வந்தது.

"அப்புறம் எதுக்குய்யா எழுதன?"

"நான் எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்ப பெட்ரோல் எங்கதான் போச்சு? வருஷக்கணக்கா எனக்கு அதே குடைச்சல். ஒருநாள் எழுத உட்கார்ந்தேன், கதையில ஒரு பொம்பளை வண்டியில ஏறி உட்கார்ந்துட்டா."

"வண்டிய இடதுபக்கமா சாய்ச்சுட்டு உதைக்கிறாளே, அது என் வண்டிதான?"

"அந்தக் காலத்துல யாரு வண்டிய சாய்க்காம உதைச்சோம்? நான் சாய்ச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். ஓட்டிக்கிட்டுப் போனது படிச்சவங்க."

எழுத்தாளர்கள் எப்படி மயக்குகிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். எனக்கு இந்தப் பதில் போதும். நாம் கையால் தொட்டுப் பழகிய ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட்டால், மீதியை நம்முடைய ஞாபகமே எழுத்தாளருக்குச் சம்பளமில்லாமல் செய்து கொடுத்துவிடுகிறது.

மாமா கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் முகம் வாடிப்போயிருந்தது. "அப்ப அவ ஓட்டல" என்றார். இத்தனை தூரம் வந்தது, ஓட்டினாள் என்று கேட்பதற்குத்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பிறகு மாமா தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவ முட்டியில ஒரு தழும்பு இருந்துச்சு. பாத்ரூம்ல வழுக்கிச்சுன்னு சொன்னா. புடவையெல்லாம் தாரு ஒட்டிக்கினு இருந்துச்சு. நானும் பார்த்தேன், கேக்கல." நிமிர்ந்து தாமோதரனைப் பார்த்தார். "பாத்ரூம்ல ஏதுய்யா தாரு?"

தாமோதரன் எழுந்தே விட்டார். "இது நாவல்ல இல்லையே! ஏகாம்பரம், அடுத்த பதிப்புல சேர்த்துக்கட்டுமா?"

"சேர்த்தினா கேஸ் போடுவேன். அது என்னுது."

சொல்லிவிட்டு இன்னொரு டம்ளர் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. கிளம்பும்போது தாமோதரன் கார் வரை வந்து வழியனுப்பினார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். கூடுவாஞ்சேரியிலிருந்து இப்படிச் சுற்றி வந்தால் மொத்தம் நூற்று இருபது கிலோமீட்டர் போல வரும். ஒரு நாள் போதும். வெயிலுக்கு முன் அணுபுரத்தை முடித்துவிடுங்கள். புதுப்பட்டினத்தில் சங்கரா கேளுங்கள். நாவலில் வரும் இடங்களைத் தேடிப் போனால் அவை அங்கே இருக்காது. ஆனாலும் போங்கள்.

மாலையில் செங்கல்பட்டு தாண்டி, எனக்கு முன்னால் ஒரு லாரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல வேகத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். மாமாவின் வலது கால் தன் பாட்டுக்குச் சும்மா இருந்தது.

"ஏம்மா கொறைக்கிற?" என்றார். "உன் மாமியாரா இருந்தா இந்நேரம் முந்திக்கினு போயிருப்பா."