பூர்ணிமா மிஸ்ஸின் தப்பு நோட்டு

இன்று காலை நான் சந்தித்தது பூர்ணிமா மிஸ்ஸை! கரியாஹாட் பக்கத்துச் சந்து ஒன்றில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தும் இடம். இரண்டு பாய், ஒரு வெள்ளைப் பலகை, பதினொரு குழந்தைகள், நடுவில் அவர். அக்கா மகள் சுபிக்ஷாவை வகுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் போனேன். இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூர்ணிமாவுக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவர். இவர் பிறந்ததே இந்த ஊரில்தான். வார நாட்களில் பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் பூகோளம் எடுக்கிறார். ஞாயிறுகளில் நம்மவர்கள் நடத்தும் ஒரு சின்னச் சங்கத்தின் கூடத்தில், சம்பளம் இல்லாமல், தமிழ் வகுப்பு எடுத்துவந்தார்.

முதல் மூன்று வருஷம் சங்கம் கொடுத்த புத்தகம். மிஸ் ஒரு வரி வாசிப்பார், பிள்ளைகள் அதையே கத்துவார்கள். வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று பெங்காலியில் சண்டை போடுவார்கள். சரி, முறையை மாற்றுவோம் என்று பாடத்தை வீடியோவாக எடுத்து அனுப்பினார்: வீட்டில் பார்த்துவிட்டு வாருங்கள், வகுப்பில் பேசுவோம். மாதவ் என்ற பையன் மட்டும்தான் பார்த்தான், அதுவும் சத்தத்தை நிறுத்திவிட்டு. "மிஸ் வாயை மட்டும் பார்த்தா செம காமெடி" என்றானாம். அடுத்து, பெரிய பிள்ளைகள் சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும் என்று விட்டார். சொல்லிக்கொடுத்தார்கள். பெங்காலியில்!

"எனக்கு அழுகையே வந்துடுச்சு," என்றார் என்னிடம். "அப்புறம்தான் காதுல விழுந்துது. 'இதைத் தமிழ்ல எப்படிடா சொல்றது'ன்னு அதுங்களே ஒண்ணை ஒண்ணு கேட்டுக்குது. அதுவரைக்கும் எந்தக் குழந்தையும் அதைக் கேட்டதே இல்லை."

அன்று பிறந்ததுதான் தப்பு நோட்டு. வீட்டில் தாங்கள் தமிழில் என்ன சொன்னபோது எல்லாரும் சிரித்தார்களோ, அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வர வேண்டும். திட்டு கிடையாது. அது எப்படித் தப்பாயிற்று என்று எல்லாரும் சேர்ந்து துப்பறிய வேண்டும்.

மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிறு, சங்கச் செயலாளர் திருவேங்கடம் சார் திடீரென்று வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எதிலும் ஒழுங்கு வேண்டும். அப்போது எங்கள் சுபிக்ஷா எழுந்து படித்திருக்கிறாள்: "நேத்து அப்பாகூட லேக்குக்குப் போய் காத்து சாப்பிட்டோம்."

"காத்து சாப்பிட்டியா? ஏம்மா பூர்ணிமா, தப்பை நோட்டுல எழுதி அழகு பாக்கவா கூடத்தைக் கொடுத்தோம்?"

"ஒரு நிமிஷம் சார். சுபி, ஏன் அப்படி எழுதினே?"

"பெங்காலில ஹாவா காபோ, மிஸ். கா-ன்னா சாப்பிடறது."

"தமிழ்ல காத்து வாங்கணும்," என்றான் மாதவ்.

"எந்தக் கடைல?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரிக்க, சுபிக்ஷா மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே நின்றாளாம். "இருங்க மிஸ், இருங்க! மார் கா-ன்னா அடி வாங்கு. பொகா கா-ன்னா திட்டு வாங்கு. ஹாவா கா, காத்து வாங்கு. மிஸ்! அவங்க சாப்பிடறதை எல்லாம் நாம வாங்கறோம்!"

"அப்ப எக் ரோல்?"

"அதை வாங்கி சாப்பிடணும்டா, மக்கு!"

ஒன்பது வயசு! யாரும் சொல்லிக்கொடுக்காமல் இரண்டு மொழிகளை அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது.

திருவேங்கடம் சார் சிரிக்கவில்லை. "விளையாட்டெல்லாம் வீட்டுல வெச்சுக்கட்டும். அடுத்த வாரத்துலேருந்து புத்தகம் மட்டும்தான். பெங்காலி ஒரு வார்த்தை வரக்கூடாது. முடியாதுன்னா சாவியைக் கொடுத்துடுங்க, வேற டீச்சர் ரெடியா இருக்காங்க."

"மூணு வருஷம் அந்தப் புத்தகத்தைத்தான் சார் நடத்தினேன். ஒரு குழந்தைகூடத் தமிழ்ல தப்பாப் பேசலை. ஏன்னா பேசவே இல்லை."

"எதிர்த்துப் பேசறீங்களா?"

"ஆமாம் சார்."

கைப்பையைத் திறந்து கூடத்துச் சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். குழந்தைகள் பக்கம் திரும்பி, "வகுப்பு நிக்காது. இடம் மட்டும் மாறும்" என்றார். அப்போது எந்த இடம் என்று அவருக்கே தெரியாது.

அடுத்த ஞாயிறு தன் கட்டடத்துக் கீழேயே கடை விரித்தார். இருபத்திமூன்று பேரில் நாலு பேர் வந்தார்கள். சங்கத்தைப் பகைத்துக்கொண்டால் பொங்கல் விழா மேடையில் பிள்ளைக்கு இடம் கிடைக்காதே என்று பல பெற்றோருக்குத் தயக்கம். மேல் மாடி மாஷிமா (பெங்காலிப் பெரியம்மா) ஒருத்தர், தமிழ் ஒரு எழுத்து தெரியாதவர், இறங்கி வந்து பாய் கொடுத்துவிட்டுப் போனார். நாலு ஏழானது. இன்று பதினொன்று.

இப்போது புது முறை: ஒவ்வொரு தூணுக்கும் ஒரு வேலை. ஒன்றில் கதை, ஒன்றில் சண்டை, ஒன்றில் கடைப் பேரம். பிள்ளைகள் தூண் தூணாக மாறிக்கொண்டே இருக்கிறார்கள். சண்டைத் தூணில் சத்தம்தான் அதிகம், தமிழ் குறைவு.

"இது வேலைக்காகலை, அடுத்த வாரம் மாத்திடுவேன்," என்றார் மிஸ்.

"அப்ப செயலாளர் சொன்னது சரின்னு ஆயிடாதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எது சரியா வரலைன்னு குழந்தைங்க முகத்தைப் பார்த்து நானே நிறுத்துவேன். அவர் சொல்லி நிறுத்த மாட்டேன். ஒரே ஒரு குழந்தை வந்தாலும் ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு இந்தப் பலகை இங்க நிக்கும்."

பதினொன்று போதாது, நண்பர்களே. சால்ட் லேக்கோ பாலிகஞ்சோ, வீட்டில் தமிழ் கேட்டுப் பெங்காலியில் பதில் சொல்லும் பிள்ளை இருந்தால், வரும் ஞாயிறு கூட்டி வாருங்கள். விலாசம் கேட்டால் அனுப்புகிறேன். பிள்ளை இல்லாதவர்கள் இதை உங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சங்கத்தார் இருக்கும் குழுவாக இருந்தால் கட்டாயம் போடுங்கள்.