கணக்கப்பிள்ளை பேச வந்த வியாழக்கிழமை

பழைய தவணைப் பரீட்சைத் தாள்களை நாலாக மடித்து, அடிமட்டம் வைத்துக் கிழித்த துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்தில் ஒரு கேள்வி, மூலையில் ஓர் இலக்கம். என் ஆசிரியப் பணியில் நான் ஆகச் சிரத்தையோடு செய்த வேலை எது என்று யாராவது கேட்டால், வியாழன்தோறும் அந்தச் சீட்டுகளைத் தயாரித்ததுதான் என்பேன். பிற்காலத்தில் கல்வித் திணைக்களத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளை எழுதினேன். அவற்றை எவரும் வாசித்ததாகத் தகவல் இல்லை. சீட்டுகளையாவது பிள்ளைகள் எழுந்து நின்று உரக்க வாசித்தார்கள்.

எழுபதுகளின் பிற்பகுதி. ஹட்டனிலிருந்து டிக்கோயா போகும் வழியில், வீதியிலிருந்து படியேறிப் போனால் லுத்தரன் சபையார் நடத்திய எங்கள் இடைநிலைப் பாடசாலை. எங்கள் அதிபர் மூன்று மாத வெளிநாட்டுப் பயிற்சி முடிந்து திரும்பியபோது ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு கொள்கையும் கொண்டுவந்தார். பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடக் கூடாது, உலகம் பாடசாலைக்குள் வரவேண்டும் என்பது கொள்கை. வியாழக்கிழமையின் கடைசி இரண்டு பாடவேளைகள் உலகத்துக்கு ஒதுக்கப்பட்டன. சேவையில் ஆக இளையவன் என்பதால், உலகத்தை அழைத்துவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் அதற்கொரு நடைமுறை வகுத்தேன். அழைப்புக் கடிதம், நினைவூட்டல் கடிதம், வரவேற்புரை, அறிமுகவுரை, பேச்சு, கேள்வி நேரம், நன்றியுரை. மேடையில் தண்ணீர்க் கிளாஸ், அதன் மேல் கவிழ்த்த சாசர். கேள்வி நேரத்துக்கென்று தனி விதிகளைத் தட்டச்சு செய்து மண்டபச் சுவரில் ஒட்டினேன். அவற்றில் மூன்றாவது விதி, பேச்சோடு தொடர்புடைய எந்தக் கேள்விக்கும் பேச்சாளரே பதில் சொல்ல வேண்டும், கூட்டத் தலைவர், அதாவது நான், குறுக்கிடலாகாது என்றது. இந்த விதிக்கு வேலையே வரவில்லை. ஏனென்றால் பிள்ளைகள் எவரிடமும் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் மேடையில் இருப்பவரைக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் அல்லர். அதனால்தான் சீட்டுகள். ஒரு வாரம் சுகாதாரப் பரிசோதகர் வருவதாக இருந்து, கடைசி நிமிடத்தில் ஒரு புகையிரத நிலைய அதிபர் வந்தார். நான் சீட்டுகளை மாற்ற மறந்துவிட்டேன். சிக்னல்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிய மனிதரிடம் ஒன்பதாம் வகுப்புப் பையன் எழுந்து, "கக்கூசுக்கும் கெணத்துக்கும் எத்தன அடி தூரம் இருக்கணுங்க?" என்று கேட்டான். அவர் கொஞ்சமும் அசராமல், அது தமது பகுதிக்குள் வராது, எழுத்துமூலம் மேலிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். இன்றுவரை நான் கேட்ட ஆகச் சிறந்த உத்தியோகபூர்வப் பதில் அது.

இப்போது என் மாமனாரைப் பற்றி. அப்போது அவர் என் மாமனார் இல்லை, ஆகவும் மாட்டேன் என்றிருந்தார். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளை, அதாவது தொழிலாளரை வேலை வாங்கும் மேற்பார்வையாளர். காக்கிக் கால்சட்டை, முழங்கால் வரை மேசு என்ற காலுறை, தொப்பி, கையில் ஒரு பிரம்பு. அவருடைய மகள் எங்கள் பாடசாலையில் மனையியல் ஆசிரியை. நாங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்து எட்டு மாதமாகியிருந்தது. தகப்பனாரிடம் மகள் பேச்செடுத்தபோது அவர் சொன்ன பதிலை அவள் எனக்கு வரி தவறாமல் ஒப்பித்தாள்: "ரெண்டு மணிக்கு மணி அடிச்சா வூட்டுக்குப் போறதெல்லாம் ஒரு வேலையா? நாக்கால பொழைக்கிறவனுக்கு நான் பொண்ணு குடுக்கிறதா?"

அவர் நாக்குக்கு ஒரு மேடை கொடுத்தால் மனம் இளகும் என்று நான் கணித்தேன். மகள் வேண்டாம் என்றாள். "அப்பாவுக்குப் பெரட்டுல மட்டுந்தான் பேசத் தெரியும் மாஸ்டர். சொன்னா கேளுங்க." விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்தித் தலையெண்ணி, ஆளுக்கொரு மலைக்குப் பிரித்தனுப்புவதுதான் பெரட்டு; பிந்தி வந்தவருக்கு அன்று வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை. நான் கினிகத்தேனையில் கடை வைத்திருந்தவரின் மகன், பெரட்டைக் கண்ணால் கண்டதில்லை. 'தேயிலையும் நாமும்' என்று தலைப்பிட்டு அழைப்பை அனுப்பினேன். அவர் அதைத் தோட்டத்து மேலாளரான துரையிடம் காட்டி அனுமதி பெற்று, குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்பாகவே வந்து சேர்ந்தார்.

வரவேற்புரையும் அறிமுகவுரையும் குறையின்றி நடந்தன. அவர் மேடையின் நடுவில் வந்து நின்றார். தரையில் உட்கார்ந்திருந்த இருநூறு பிள்ளைகளைப் பார்த்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினார். பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மண்டபத்தின் ஓரத்தில் மகள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். என் எட்டு மாதமும் கண்முன்னே கரைவது தெரிந்தது. அப்போது அவர், முப்பது வருடமாகக் காலையில் முதல் வார்த்தையாகச் சொல்லி வந்ததைச் சொன்னார்.

"எல்லாம் எந்திரிங்க. வரிசைக்கு வாங்க."

இருநூறு பிள்ளைகளும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். நான் மணியடித்துக் கெஞ்சினாலும் பத்து நிமிடம் பிடிக்கும் வரிசை அரை நிமிடத்தில் அமைந்தது. இதில் வியப்பில்லை. வியப்பு என்னவென்றால், முன்வரிசை நாற்காலியிலிருந்து எங்கள் அதிபரும் எழுந்து, கம்பளிக் கோட்டோடு வரிசையின் கடைசியில் போய் நின்றதுதான். தாம் தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயத்தில் பிறந்தவர் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அன்று கால்கள் சொல்லிவிட்டன. கணக்கப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி, பிரம்பால் காற்றில் குத்தித் தலையெண்ணினார்; இருநூறு பிள்ளைகள் என்று என் வரவேற்புரையில் கேட்டிருந்தார்.

"ரெண்டு உருப்படி கொறையுது. எங்க?"

இரண்டு பையன்கள் மேடைக்குப் பின்னால் ஒளிந்து தாயம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லா வியாழக்கிழமையும் ஆடியிருக்கிறார்கள். இரண்டு வருடத்தில் எனக்கு அது தெரிந்ததில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "மாஸ்டர் என்ன தனியா? வரிசைல நில்லுங்க, இல்லாட்டி வூட்டுக்குப் போங்க." நான் அதிபருக்குப் பின்னால் போய் நின்றேன்.

எங்களை அப்படியே வெளியே நடத்திப் போனார். பாடசாலைக்குப் பின்னால், வெட்டிவிட ஆளில்லாமல் தலைக்கு மேல் வளர்ந்துவிட்ட தேயிலை கொஞ்சம் உண்டு. அதன் அடியில் நின்றபோது அவருக்குப் பேச்சு வந்தது. "இது செடியில்ல புள்ளைங்களா, மரம். விட்டா ரெண்டாள் உசரத்துக்குப் போகும். நாமதான் இடுப்பு உசரத்துலயே நிறுத்தி வச்சிருக்கோம்." கொழுந்து எடுக்கச் சொன்னார். கணக்கில் முட்டை வாங்கும் பெண்கள் இரண்டு கையாலும் எடுத்துக் குவிக்க, டவுன் பிள்ளைகள் முற்றிய இலையைப் பிய்த்துத் திட்டு வாங்கினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மகள் என்னைப் பார்த்த பார்வையில் காரியம் கைகூடியது போலவே இருந்தது. நான் முன்னே வந்து, நிகழ்ச்சி நிரல்படி, "கேள்வி நேரம்" என்று அறிவித்துச் சட்டைப் பையில் சீட்டுகளைத் தேடினேன்.

அதற்குள் ஒரு பெண் கையை உயர்த்தினாள். கொழுந்தை வேகமாக எடுத்தவர்களில் ஒருத்தி. அவளிடம் சீட்டு இல்லை.

"ஐயா, எங்கம்மா தம்பிக்குப் பால் குடுத்திட்டு ஓடியாரதுக்குள்ள அஞ்சு நிமிசம் லேட்டாயிருது. நீங்க ஏன் தெனம் வூட்டுக்குத் திருப்பி அனுப்பிர்றீங்க?"

கொழுந்து எடுத்த கைகள் நின்றன. கணக்கப்பிள்ளை அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அகராதி தேவையில்லை. நேரம் போதாது, தலைப்புக்குப் புறம்பானது, அடுத்த கேள்வி, என்று ஒரு வாக்கியம் நான் சொன்னால் போதும். மாப்பிள்ளை வேலையை நான் அன்றே தொடங்கிவிடலாம். மகளும் என்னைத்தான் பார்த்தாள். அவள் எதை எதிர்பார்த்தாள் என்று எனக்கு விளங்கவில்லை. தைரியத்தால் செய்தேன் என்று இந்த வயதில் எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு வேறொன்றும் தெரியாது, அதுதான் உண்மை.

"மூன்றாவது விதிப்படி, கேள்வி ஒழுங்கானது. பேச்சாளர் பதில் சொல்லலாம்" என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார். வழுக்கையில் பனித்தூறல் விழுந்தது. "பெரட்டு நேரத்த நான் வைக்கல, தொரை வச்சாரு" என்றார். அந்தப் பெண் உயர்த்திய கையை இறக்கவில்லை. பிறகு அவரே, "ஆனா திருப்பி அனுப்புறது நாந்தான்" என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, நன்றியுரைக்கு நிற்காமல் படியிறங்கிப் போய்விட்டார். நான் அதைச் செடிகளுக்கு வாசித்தேன்.

மூன்று வாரம் மகள் என்னோடு பேசவில்லை. அதன்பின் ஒரு நாள், "ஞாயித்துக்கெழம அப்பா வரச் சொன்னாரு" என்றாள். போனேன். உட்காரச் சொல்லவில்லை.

"அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லி அந்தப் புள்ளைய அடக்கி வச்சிருக்கலாமில்ல?"

"கேள்வி பேச்சோடு தொடர்புடையதுங்க. விதிப்படி..."

"விதி! மறுநா அவ ஆத்தா லேட்டா வந்து நிக்கிறா. போன்னு சொல்ல வாயத் தொறக்குறேன், வரல. மலைக்குப் போகச் சொல்லிட்டேன். இப்ப கைப்புள்ளக்காரிக அத்தன பேரும் லேட்டாத்தான் வாராளுக. தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கிழிகிழின்னு கிழிச்சாரு. முப்பது வருசத்துல மொதத் தடவ! பள்ளிக்கூடத்துல கேட்டாங்க தொரை, பதில் சொல்ல முடியல, அதான் விட்டேன்னு சொன்னேன். எனக்கு இது தேவையா? ஏன் மாப்ள, வேற ஒரு கேள்வியக் கேக்க விட்டிருந்தா நீங்க என்ன தேஞ்சா போயிருவீங்க?"

குசினியில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அதைப் பொருட்படுத்தாமல் நான் மூன்றாவது விதியின் நோக்கத்தை விளக்கினேன். அவர் இன்னும் கொஞ்சம் ஏசினார். தேநீர் வந்தது. குடித்துவிட்டு, வந்த விஷயத்தைப் பேசவே முடியவில்லையே என்ற வருத்தத்தோடு பஸ் ஏறினேன். டிக்கோயா ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதுதான் அவர் என்னை எப்படி அழைத்தார் என்பது உறைத்தது. சட்டென்று எழுந்து நின்றேன். இறங்கப்போகிறீர்களா என்று கண்டக்டர் சிங்களத்தில் கேட்டார். இல்லை என்றேன். ஹட்டன் வரை நின்றுகொண்டே போனேன்.

அவர் காலமாகி வெகுகாலமாகிவிட்டது. நானும் ஓய்வு பெற்று, கோப்புகளை ஒழுங்குபடுத்திப் பொழுதைப் போக்குகிறேன். எங்கள் கல்யாணத்துக்கு அவர் சம்மதம் தந்ததற்கு எழுத்திலும் ஆதாரமில்லை, வாய்மொழியிலும் முறையான அறிவிப்பு இல்லை. கோபத்தில் வாய் தவறி வந்த 'மாப்ள' என்ற ஒரு சொல்லை வைத்து அல்லவா நாற்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டோம் என்று போன வாரம் மனைவியிடம் சொன்னேன்.

அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "அந்த மூணு வாரமும் தெனம் கண்ணாடி முன்னால நின்னு அதச் சொல்லிப் பாத்தாருங்க. வாய் தவறியாம்!"