துரு வட்டத்துக்கு மேற்கே

எங்கள் வாசல் சிமெண்டில் ஒரு துரு வட்டம் இருக்கிறது. பெயிண்ட் டின் ஒன்று நின்ற தடம். எத்தனையோ முறை தேய்த்துப் பார்த்தாயிற்று. மழைக்காலத்தில் மங்கும், வெயில் ஏறியதும் மறுபடி சிவக்கும். மேற்குப் பார்த்த வீடு இது. மதியம் சாய்ந்தால் மலைக்கணவாயை ஒட்டிய எங்கள் சித்தூர் வெயில் வேலி தாண்டி, வாசல் தாண்டி, அடுக்களை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஒரு சின்ன மரமா வெச்சுப்போடலாமே புள்ள" என்று என் வீட்டுக்காரர் சொல்லி வெகுநாளாயிற்று. பூக்க வேண்டும், சுவரைப் பெயர்க்கக் கூடாது, இந்த வெயிலையும் கணவாய்க் காற்றையும் தாங்க வேண்டும். வேலந்தாவளம் சாலையில் உள்ள நர்சரிக்குப் போவேன், செடி செடியாகத் தொட்டுப் பார்ப்பேன், வெறுங்கையோடு திரும்புவேன். செண்பகம் உயர்ந்துவிடும். பவளமல்லி இந்த வெயிலில் துவண்டுவிடும். ஏதாவது ஒரு குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். வீட்டுக்குள் வந்தும் கால் நிற்காது. ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்து, கடைசியில் அந்த வட்டத்தின் முன்னால் போய் நிற்பேன்.

டின் என் அத்தையுடையது. அப்பாவின் அக்கா. போடிமெட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியே கை கறுத்தவள். தாயில்லாத என்னை வளர்த்தவளும் அவள்தான். லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், யாரும் மண்ணில் செடி வைப்பதில்லை. கம்பெனி வீடு. வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். வேர் பிடித்ததைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் வாசலுக்கு வாசல் டின்கள், உடைந்த வாளிகள், உரச்சாக்குகள். அவற்றில் ரோஜா, டாலியா, கறிவேப்பிலைகூட. அத்தை வைத்திருந்தது காமெலியா. மேனேஜர் பங்களாத் தோட்டத்தில் நிற்கும், ரோஜாவைப் போல அடுக்கடுக்காகப் பூக்கும் சிறுமரம். யாரிடமோ ஒரு கொப்பு கேட்டு வாங்கி ஊன்றியிருந்தாள். "தேயிலைக்கு இவ கூடப்பொறந்தவடி. அக்காக்காரி கொழுந்து குடுத்தே குட்டையாயிட்டா. இவளப் பாரு, தொரை வீட்டுல பூ வச்சுக்கிட்டு நிக்கா!" என்பாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

வேலை முடிந்து வீட்டைக் காலி செய்தபோது, ஒரு பெட்டியும் அந்த டின்னுமாக எங்களிடம் வந்தாள். பஸ்ஸில் வழிநெடுக மடியிலேயே வைத்திருந்தாளாம். வந்த அன்றே வாசலில் வெயில் விழுகிற இடம் பார்த்து டின்னை வைத்தாள். மலையில் மூன்று மணி வெயில் என்பது வராத விருந்தாளி. பனிமூட்டம் விலகி எட்டிப்பார்த்தால் லயம் முழுக்கக் கூச்சல் கிளம்பும்; ஈரத்துணி எல்லாம் வெளியே ஓடிவரும். அந்த நினைப்பிலேயே, செடிக்கு நல்லது செய்வதாகத்தான் வைத்தாள். ஒரே வாரத்தில் இலையோரம் கருகியது. "இது என்ன வெயிலுட்டி, அடுப்புல்லா" என்றாள். அதன்பின் மதியச் சோறு உண்டதும் டின்னைச் சுவர் நிழலுக்கு நகர்த்துவாள், பொழுது சாய்ந்ததும் பழைய இடத்துக்கே கொண்டுவருவாள். சிமெண்டில் தகரம் உரசும் அந்தச் சத்தம்தான் எங்கள் வீட்டு மதியம்.

என் வீட்டுக்காரர் நெல் வயலில் பிறந்து வளர்ந்தவர். தகரத்தில் ஒரு மரம் நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. "ஏனுங்கம்மா, மண்ணுல எறக்கிப்போடலாமுங்க. வேரு பாவமுங்க" என்பார். "இருக்கட்டும் மாப்ள, எப்ப எங்க போவணுமோ" என்பாள் அத்தை. "எங்கீங்க போறீங்க? இது உங்க ஊடுதானுங்க." அவள் டின்னை நகர்த்தப் போய்விடுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தையும் சர்ச்சில் பூசைக்குப் போயிருந்த நேரம், சிமெண்ட் முடிகிற மேற்கோரத்தில் அவர் குழி எடுத்து, எரு போட்டு, மேலே தென்னோலைப் பந்தல் கட்டி, காமெலியாவை நட்டுவிட்டார். நாங்கள் வந்தபோது மண் கையோடு சிரித்துக்கொண்டு நின்றார். அத்தை திட்டவில்லை. பந்தலைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் கெட்டியிருக்கீக மாப்ள" என்றாள். அன்று சாயங்காலமே, வேரில் ஒட்டிய மண்ணோடு தோண்டி எடுத்து மறுபடி டின்னில் வைத்தாள். அந்த வாரமே டின்னோடு மலைக்குப் போய்விட்டாள், கூட வேலை பார்த்தவளின் லயத்து வீட்டுக்கு. பஸ் ஏறும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்: "கோவம் ஒண்ணுமில்லட்டி. நட்டுட்டா பயமா இருக்கு."

அங்கேயே இறந்தாள். தோட்டத்துக் கல்லறையில் அடக்கம். மறுமாதம் நாங்கள் போனபோது, லயத்துப் பெண்கள் டின்னை வெட்டி எறிந்துவிட்டுக் காமெலியாவை அவள் தலைமாட்டில், மண்ணில், வைத்திருந்தார்கள். "இந்த எடத்த யாரும் காலி பண்ணச் சொல்ல மாட்டாகல்லா" என்றாள் ஒருத்தி. வீட்டுக்காரர் அங்கே குந்தி உட்கார்ந்து அழுதார். வீட்டில் அந்தக் குழியை மூடியவர், அதன்பிறகு மண்வெட்டி எடுத்து அந்த மூலைக்குப் போகவில்லை.

நட்டுவிட்டால் வரும் அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. மணமான பிறகு எத்தனையோ வாடகை வீடு மாறி, சொந்த வீடு கட்டிய பின்னும், என் செடிகள் எல்லாம் தொட்டியில்தான்.

போன வாரம் மந்தாரை வாங்கினேன். வெயிலுக்குப் பயப்படாத சிறுமரம். உச்சி வெயிலில் இலையின் இரண்டு பாதியையும் லேசாக மடித்துக்கொள்ளுமாம். நர்சரிக்காரப் பெண், "தொட்டியிலயும் வெக்கலாங்க்கா, பெரிய தொட்டியா இருந்தா" என்றாள். மனம் அங்கே ஒருமுறை நின்றது. வேண்டாம் என்றேன். வீட்டுக்காரரிடம் பழைய குழி இருந்த இடத்தைக் காட்டினேன். மண்வெட்டியோடு வந்தவர், வெட்டாமல் என் முகத்தையே பார்த்தார். "நெசமாத்தான் சொல்றியா?" "வெட்டுங்க" என்றேன். கறுப்பு உறையை நானே கிழித்தேன். கன்றை மண்ணோடு குழியில் இறக்கினேன்.

மூன்று மணிக்கு வெயில் வந்தது. மேற்கே கன்று, கிழக்கே துரு வட்டம். கன்றின் நிழல் சிமெண்டில் விரல் நீளம் கிடந்தது. உட்காரத் தெரியாத நான் படியில் உட்கார்ந்தேன். வெயில் சாயச் சாய நிழல் நீண்டது. அடுக்களையில் பால் பொங்கும் சத்தம் கேட்டும் எழவில்லை. மடிந்த ஒரு இலையின் நிழல் வட்டத்தின் ஓரத்தைத் தொட்டது.