எட்டாவது படி

உள்ளறையில் மரம் தரையில் உராயும் சத்தம் கேட்டது. முதலில் நீளமாக ஒன்று, பிறகு சுருக்கமாக இரண்டு. முன்னறையில் பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்த தங்கராஜுவுக்கு மூச்சு வந்தது. ஏணியை எடுத்துக் கொடுக்கத்தான் போகிறாள்! வந்த காரியம் சண்டை இல்லாமல் முடிந்தது என்று நினைத்துக்கொண்டார்.

"பாத்து இழு, வடிவு. தரைப் பலகை பேந்துடப்போவுது."

"பேந்தா நான் அடிச்சுக்கிறேன். நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

வடிவம்மாள் வெளியே வந்தபோது கையில் ஏணி இல்லை. ஈரத்துணி இருந்தது. விரல்களில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"ஏணி எங்க?"

"குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். நாளைக்குத் திருவாதிரை இல்ல?"

தங்கராஜு கோப்பையைக் கீழே வைத்தார். பினாங்குத் தீவின் சுங்கை பினாங்கில், ஆற்றை ஒட்டிய பலகை வீடுகளுக்கு நடுவே இருந்த சின்னப் பெருமாள் கோயிலின் தர்மகர்த்தா அவர்; சின்னதாக ஒரு கடையும் வைத்திருந்தார். தகரக் கூரை, ஒரே ஒரு மண்டபம், கோபுரம் கிடையாது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் மரமும் தகரமும் சுமந்து வந்து கட்டிய கோயில். ஆனால் பூசையில் ஒரு குறையும் இருக்காது. பெருமாள் புறப்பாட்டில் தமிழ்ப் பாசுரம் முன்னே போகும், வேதம் பின்னே வரும். பல்லக்குத் தூக்க ஒரு வகையார், மாலை கட்ட ஒரு வகையார், பந்தம் பிடிக்க ஒரு வகையார் என்று எல்லார் கைக்கும் ஒரு வேலை உண்டு. ஏன் இப்படி என்று யார் கேட்டாலும் பூசை செய்யும் பட்டர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "உடையவர் வச்ச திட்டம்."

இராமானுசரை அந்தக் கோயிலில் உடையவர் என்றே சொல்வார்கள். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் திருவரங்கத்தில் அவர் வகுத்த ஒழுங்கு, கடல் தாண்டி வந்து இந்தத் தகரக் கூரைக்கு அடியிலும் மாறாமல் நின்றது. அதில் அந்த ஏழை மக்களுக்கு இருந்த பெருமையை எப்படிச் சொல்வேன்! ராஜாக்கள் கட்டிய கோயிலில் எந்த முறையோ, கூலிக்காரர்கள் கட்டிய கோயிலிலும் அதே முறை.

அதைவிடப் பெரிய பெருமை அந்த ஏணி. எட்டெழுத்து மந்திரத்தை யாருக்கும் சொல்லாதே, சொன்னால் உனக்கு நரகம் என்று குரு கட்டளையிட்டிருக்க, உடையவர் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி ஊரே கேட்கும்படி அதைச் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். இத்தனை பேர் கரையேறினால் நான் ஒருவன் நரகம் போனால் என்ன என்று கேட்டவர் அவர். இங்கே ஏறக் கோபுரம் இல்லையே? அதனால் சித்திரைத் திருவாதிரை அன்று, அவர் பிறந்த நட்சத்திரத்தில், கோயில் முகப்புச் சுவரில் ஓர் ஏணியைச் சாத்துவார்கள். எழுத்துக்கு ஒரு படியாக எட்டுப் படி. எட்டாவது படியில் நின்று ஒருவர் தெருவைப் பார்த்து மந்திரத்தைக் கூவுவார்.

கூவுவது பட்டர் அல்ல, தர்மகர்த்தாவும் அல்ல. பிறந்த ஊரில் எந்தக் குடும்பத்தைக் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னார்களோ, அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் கூவவேண்டும். ஏணியும் அந்த வீட்டில்தான் இருக்கும். இது அந்தக் கோயிலின் வழக்கம்.

பதினோரு ஆண்டுகளாகக் கூவியவர் வடிவம்மாளின் கணவர் அய்யாக்கண்ணு. ஏணியும் அவர் கையால் செய்ததுதான். ஓர் ஆணி கிடையாது. கப்பல் சரக்குக்குப் போடும் முடிச்சைப் போட்டு, எட்டுப் படிகளையும் கயிற்றாலேயே கட்டியிருந்தார். சென்ற ஆண்டு திருவாதிரை முடிந்து இரண்டு மாதத்தில் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பலாம் என்றார்கள். லாரியில் ஏறும்போது அய்யாக்கண்ணு அழவில்லை. "ஏணியப் பாத்துக்க, வடிவு. கட்டு தளந்தா இறுக்கு" என்று மட்டும் சொன்னார்.

பத்து மாதம் ஆயிற்று. ஒரு கடிதம் இல்லை. வடிவம்மாள் ஆற்றோரத்தில் மரவள்ளி நட்டாள். கிழங்கை அவித்து, கூடையில் சுமந்து, துறைமுக வாசலில் விற்றாள். வாரத்துக்கு ஒருமுறை ஏணியை இறக்கி ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தாள். கட்டு தளரவில்லை. அவளும் தளரவில்லை.

"இந்த வருசம் ஏணி வேணாம், வடிவு," என்றார் தங்கராஜு. "எங்கிட்ட குடு, நான் பூட்டி வைக்கிறேன். பூசைக்கு பெர்மிட் வாங்க எத்தனை நாள் அலைஞ்சேன் தெரியுமா? அஞ்சுலேருந்து ஆறு. ஒரே மணி நேரம். மேளம் கூடாது."

"கூவக் கூடாதுன்னு எழுதியிருக்கானா?"

"எழுதல. கூவலாம்னும் எழுதல லா. அதுவும் இல்லாம, கூவ ஆளு எங்க இருக்கு?"

அந்தச் சொல் அவளை எங்கே தைத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் ஈரத்துணியை மெதுவாகப் பிழிந்தாள்.

"நான் ஏறுறேன்."

"நீயா?" தங்கராஜு எழுந்தே விட்டார். "பொம்பள ஏணியில ஏறி நடுரோட்டப் பாத்துக் கத்துறதா? அதுவும் ஊபிக் கெழங்கு விக்கிற குரல்ல?"

"அந்தக் குரல் கப்பல் நிக்கிற ஜெட்டி வரைக்கும் கேக்குதுண்ணே. உங்க குரல் இந்தக் கோப்பையத் தாண்டல."

"வாயப் பாரு! ஜப்பான்காரன் புடிச்சிட்டுப் போனா யாரு பதில் சொல்றது?"

"ஏறினவதான் சொல்லணும். ஒரு வருசம் ஏணி உள்ளாறயே கெடந்தா, அவரு வந்து கேக்கும்போது நான் என்ன சொல்லுவேன்? வாங்க, பட்டரக் கேப்போம். அவரு வேணாம்னா நானே ஏணியத் தூக்கிட்டு வந்து உங்க கடையில வைக்கிறேன்."

பட்டர் மடைப்பள்ளியில் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார். அரிசி இல்லாத காலம். பெருமாளும் மரவள்ளிதான் அமுது செய்தார். இருவரும் சொன்னதைக் கேட்டார். உரித்த கிழங்கைத் தண்ணீரில் போட்டார்.

"அன்னைக்குக் கோபுரத்துக்குக் கீழே நின்னு கேட்டவால்லாம் ஆம்பளைதானா, தங்கராஜு?" என்றார் கடைசியில். "கேக்கறதுக்குப் பொம்மனாட்டிய விட்டார் உடையவர். சொல்றதுக்கு வேண்டாம்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? ஏறட்டும்."

"அப்ப நான் நாளைக்குக் கோயிலுக்கு வரல. அஞ்சுலேருந்து ஆறு. அதயாவது ஞாபகம் வச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுத் தங்கராஜு போய்விட்டார்.

அந்தக் கோபத்தில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டார்.

ஜப்பான்காரர்கள் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளவேண்டும். துறைமுகம் மாற்றியது, ஆபீசுகள் மாற்றின, தங்கராஜுவின் கடையும் மாற்றியது. கோயில் மண்டபத்துக் கடிகாரத்தை மட்டும் பட்டர் தொடவிடவில்லை. "பெருமாளுக்கு டோக்கியோவுல என்ன வேலை?" என்றார். பெர்மிட்டில் இருந்த ஐந்து மணி டோக்கியோ ஐந்து. பட்டரின் ஐந்து பழைய ஐந்து. வெயிலைப் பார்த்து எழுந்து வெயிலைப் பார்த்து வீடு திரும்பும் வடிவம்மாளுக்கு எந்த ஐந்தும் ஒன்றுதான்.

மறுநாள் மாலை கோயில் கடிகாரம் ஐந்தரை காட்டியபோது ஏணி முகப்பில் சாத்தப்பட்டது. நாற்பது பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள். ஆண்கள் பலர் சயாமில் இருந்தார்கள், அல்லது எங்கேயும் இல்லை.

வடிவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். முதல் படியில் கால் வைத்தாள். அய்யாக்கண்ணுவின் முடிச்சுகள் பாதத்தில் உறுத்தின. இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது படி. கீழே யாரோ விசும்பினார்கள். அவள் குனிந்து பார்க்கவில்லை. ஆறு. ஏழு. எட்டாவது படியில் நிமிர்ந்தபோது சுங்கை பினாங்கின் தகரக் கூரைகளும், அவற்றுக்கு அப்பால் கப்பல் பாய்மரங்களும் தெரிந்தன. சயாம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வடக்கே பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"ஓம் நமோ நாராயணாய!"

எத்தனையோ ஆயிரம் தடவை கிழங்கு விற்ற குரல் அது! தெருமுனையில் சைக்கிள்கள் நின்றன. எதிர்க் கடைச் சீனர் கதவைத் திறந்து பார்த்தார். அவள் மூன்று முறை கூவினாள். மூன்றாவது முறை கீழே நின்ற நாற்பது பேரும் சேர்ந்து கூவினார்கள். அந்த ஒரு நிமிடம், அந்தத் தெருவில் பயந்தவர்கள் என்று யாருமே இல்லை.

தெருமுனையில் ஒரு கார் நின்று, பிறகு போனதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. வாசலில் கான்ஸ்டபிள் சுலைமான் நின்றார். ஜாலான் பேராக் சாலைப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, தெருவில் எல்லாருக்கும் தெரிந்தவர். அவருக்குப் பின்னால் முகம் வெளிறிப்போய்த் தங்கராஜு.

"அக்கா, கோச்சுக்காதீங்க. நேத்து ஏழு மணிக்கு இங்க யாரோ கூவியிருக்காங்க. பெர்மிட் ஆறோட முடிஞ்சுது. ஜப்பான் தொரை காருல போறப்போ கேட்டுட்டாரு. யாருன்னு பேரு வேணுமாம்."

"ஏழா?" என்றாள் வடிவம்மாள். "அஞ்சரைன்னுல்ல பட்டர் சொன்னாரு?"

தங்கராஜு தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உடனே சுலைமானின் கையைப் பிடித்தார். "யாரோ வெளியூர்ப் பண்டாரம் தம்பி. வந்தான், கூவினான், போயிட்டான். அப்படி எழுதிக்குங்க."

"பண்டாரம் இல்ல தம்பி, நான்தான்," என்றாள் வடிவம்மாள். "வடிவம்மாள், அய்யாக்கண்ணு பொஞ்சாதி. எழுதிக்குங்க."

"ஐயோ, வடிவு! சும்மா இரு!"

"எங்க வூட்டுக்காரரு ஏறினாரு, நான் ஏறினேன். அந்தப் படியில பண்டாரம் எவனும் ஏறலண்ணே. எனக்குக் கெடைக்கிற அடிக்குப் பயந்து, அவரு நின்ன எடத்த ஊரு பேரு தெரியாதவனுக்குக் குடுக்கச் சொல்றீங்களா?"

சுலைமான் பென்சிலை எடுத்தார். எழுதவில்லை. தங்கராஜு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, கோப்பையைக்கூடத் தாண்டாத அந்தக் குரல் முதல்முறையாகப் பலகைச் சுவரில் மோதித் திரும்பியது.

"அவ பேரு வேணாம்! நேரத்தத் தப்பாச் சொன்னது நான். எந்த அஞ்சுன்னு சொல்லாம, கோச்சுக்கிட்டு வீட்ல உக்காந்திருந்தேன். பெர்மிட் என் பேர்ல இருக்கு. எழுதுறதா இருந்தா தங்கராஜுன்னு எழுது!"

"அல்லா!" என்றார் சுலைமான். "உள்ள போறதுக்கு இப்படி முண்டியடிக்கிறவங்கள நான் பாத்ததே இல்ல லா. பட்டரக் கேட்டா அவரும் கையத் தூக்குவாரு போல."

"தூக்குவாரு," என்றாள் வடிவம்மாள். சிரிக்காமல்தான் சொன்னாள். சுலைமான்தான் சிரித்துவிட்டார். உடனே முகம் மாறியது.

"அக்கா, நான் வெறுங்கையோட போனா என் கன்னம் வீங்கும். ஏதாவது ஒண்ணு கொண்டு போகணும். கடிகாரம் காட்டின ஜாம்தான் தப்பு, ஆள் தப்பு இல்ல, ஏறின ஏணியப் பறிமுதல் பண்ணியாச்சுன்னு ரிப்போர்ட் எழுதுறேன். தொரை ஒத்துக்குவாருன்னுதான் நெனைக்கிறேன். ஏணியக் குடுங்க."

தன்னைக் கொடுக்கத் துணிந்த வடிவம்மாளுக்கு அந்த ஏணியைக் கொடுக்க முடியவில்லை! ஏணியப் பாத்துக்க, வடிவு. இந்த வீட்டில் அவர் விட்டுப்போன சொல் அது ஒன்றுதானே?

உள்ளே போனாள். மரம் உராயும் சத்தம் கேட்டது. ஏணி முன்னறைக்கு வந்தது. மஞ்சள் இன்னும் அழியவில்லை.

"தம்பி, ரிப்போர்ட்ல எத்தனை படின்னு எழுதுவீங்களா?"

உள்ளே வந்திருந்த சுலைமான் அவளைப் பார்த்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி, ஆற்றை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"நான் இன்னும் எண்ணல அக்கா."

வடிவம்மாள் உட்கார்ந்தாள். எட்டாவது படியின் முடிச்சைப் பிடித்தாள். பத்து மாதமாக இறுக்கி இறுக்கி வைத்த முடிச்சு அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. தங்கராஜு குனிந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அவள் விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. கடைசியில் கயிறு இளகியது. அய்யாக்கண்ணு பதினோரு ஆண்டும், அவள் ஒரு நாளும் நின்ற பலகைத் துண்டு அவள் மடியில் விழுந்தது.

"இப்ப எண்ணுங்க, தம்பி."

"ஏழு," என்றார் சுலைமான், திரும்பாமலே.

"புது ஏணிக்கு மரம் நான் தர்றேன், வடிவு," என்றார் தங்கராஜு. "இந்தப் படி மேல இருக்கட்டும். அடுத்த வருசமும் நீதான் ஏறணும்."

"அவரு வந்துட்டா அவரு ஏறுவாரு. வரலைன்னா நான் ஏறுவேன். படி யாருக்கும் காத்துக்கிட்டு இருக்காது."

சுலைமான் ஏணியைத் தோளில் தூக்கினார். வாசலில் அதன் பின்முனை நிலைப்படியில் இடித்து மாட்டிக்கொண்டது. வடிவம்மாளே போய் அதைத் தூக்கிச் சரித்து வெளியே விட்டாள். "பாத்துப் போங்க தம்பி. அது பெருமாள் வாசல்ல நின்ன ஏணி," என்றாள்.

"தெரியும் அக்கா. மரியாதையாத்தான் கொண்டு போறேன்."

ஏழு படி ஏணி தெருவில் மெல்ல ஆடிக்கொண்டே போனது. அது திருப்பத்தில் மறையும்வரை அவள் நின்று பார்த்தாள். பிறகு எட்டாவது படியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் கதவைச் சாத்தினாள்.