கறாரக்கா மூடிய குழாய்

ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் கறாரக்கா. பிறந்ததும் மூச்சுக்குத் திணறும் குழந்தைகளைச் சின்ன மருத்துவமனைகளிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வண்டியில் அவள் நர்ஸ். நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரல் அமுங்கிப்போன குழந்தையென்றால் அவளைத்தான் தேடுவார்கள். அப்படிப்பட்ட குழந்தையின் விலாவில் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலில் முக்கியிருப்பார்கள். கசியும் காற்று குமிழ் குமிழாக அதன் வழியே வெளியேறும். அந்த வழி அடைபட்டால் நெஞ்சு உப்பிப் பிள்ளை நீலம் பாரித்துவிடும்.

அவளுடைய கறாருக்குக் காரணம் இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு பிள்ளை போய்விட்டால் பழி மேலிருந்து கீழே உருளும். பெரிய மருத்துவமனை சின்னதைச் சொல்லும், சின்னது வண்டியைச் சொல்லும், வண்டிக்காரர்கள் சாலையைச் சொல்வார்கள். கடைசியில் எல்லோருமாகத் தலைவிதி என்று கையைக் கழுவிவிடுவார்கள். “விதிக்கு மட்டும் வாய் இருந்தா நம்ம எல்லார் மேலயும் கேஸ் போடும்” என்பாள் அவள். ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். டாக்டர்களுக்குச் சிரிப்பு வராது.

அன்று போன மருத்துவமனை ஒரு மளிகைக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. குழாய் போட்டிருந்தவள் படிப்பு முடித்துப் புதிதாக வந்திருந்த டாக்டர் பெண். கச்சிதமாகத்தான் போட்டிருந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. குழந்தை இருந்த கண்ணாடிப் பெட்டியைச் சாய்த்துப் படிவழியே இறக்க வேண்டும். பாட்டில் குழந்தையைவிட மேலே உயர்ந்தால் தண்ணீர் நெஞ்சுக்குள் பாய்ந்துவிடும். ஆகையால் கறாரக்கா குழாயில் கிளிப் மாட்டி மூடினாள். வண்டிக்குள் வைத்ததும் திறந்துவிட வேண்டும். கை தானாகச் செய்கிற வேலைதான் அது.

ஆனால் வண்டியருகே வந்ததும் கோபம் முந்திக்கொண்டது. பெற்றவள் இன்னும் பிள்ளை முகத்தைப் பார்க்கவேயில்லை என்று குழந்தையின் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். பார்த்தால் அழுது வார்டையே கலங்கடித்துவிடுவாள் என்றார் கூட வந்த மருத்துவமனை மேனேஜர். கறாரக்கா பிடிபிடியென்று பிடித்தாள். “சுமந்து பெத்தவ அழுறதுக்கும் உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?” என்றாள். மேனேஜரையே குழந்தையைப் போட்டோ எடுக்கவைத்து, அதைப் பெற்றவளிடம் காட்ட மாடிக்கு ஓடவைத்த பிறகுதான், அப்பாவை ஓட்டுநர் பக்கத்தில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஜெயித்த சூட்டில் பாட்டிலைப் பார்க்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகும், “பாத்தீங்களாண்ணே அவன் மூஞ்சிய” என்று ஓட்டுநரோடு பேசிக்கொண்டே வந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது குழந்தையின் உதடு நீலமாகியிருந்தது. இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஓரமாக நிறுத்தினார். அவள் டாக்டர் பெண்ணுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். “என்னத்தக் குழாய் போட்டீங்க? நழுவிப்போச்சு. ஒரு உசுரோட விளையாடுறீங்களா?”

“தையல் போட்டுத்தானே சிஸ்டர் அனுப்பினேன்…” என்று குரல் நடுங்கியது.

குழாய் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரிக்கக் குனிந்தபோது அவள் விரலில் கிளிப் தட்டுப்பட்டது. திறந்தாள். பாட்டிலில் குமிழ்கள் கொதித்தெழுந்தன. கொஞ்சம் கொஞ்சமாகக் குழந்தையின் நிறம் திரும்பியது. “சரியாயிடுச்சு” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஓட்டுநரின் கண்கள் தெரிந்தன. அவர் பார்த்துவிட்டார்.

பெரிய மருத்துவமனையில் குழந்தையை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தவளை அப்பா மறித்துக் கைகூப்பினார்.

“கடவுள்தான் உங்க உருவத்துல வந்தாரு. குழாய் போட்ட அந்தப் பொண்ணை மட்டும் சும்மா விடமாட்டேன். என் மச்சான் ஆளுங்களோட கிளம்பிட்டான்.”

வேறொரு நாளாயிருந்தால், “கடவுளுக்கு இங்க டியூட்டி இல்லீங்க” என்று கிண்டலடித்திருப்பாள். இன்று அந்தக் கூப்பிய கைகளைப் பார்க்கவே கூசியது. கீழே இருப்பவர் தலையில் பழியை உருட்டுகிறவர்களைக் காலமெல்லாம் காறித் துப்பியவள் அவள். தன் முறை வந்ததும் ஒரு நொடி யோசிக்காமல் அதையேதான் செய்திருக்கிறாள்.

ஓட்டுநர் அருகில் வந்து, பிள்ளை பிழைத்துவிட்டது, வேலைக்கு உலை வைத்துக்கொள்ள வேண்டாம், வாயைத் திறக்காதீர்கள் என்று காதில் ஓதினார். அவர் சொன்னது அவளுக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவளை இன்னும் குன்றவைத்தது.

“உங்க மச்சானைத் திரும்பச் சொல்லுங்க” என்றாள். “குழாயை மூடுனது நான். திறக்க மறந்ததும் நான்தான். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

அவர் கைகள் மெல்ல இறங்கின. மச்சானுக்குப் போன் பண்ணித் திரும்பச் சொன்னார். பிறகு அவளைப் பார்க்காமலே, “உங்க கால்ல விழப் பாத்தேனேம்மா” என்றார். அடித்திருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

அவளுடைய போன் அடித்தது. அந்த டாக்டர் பெண்தான், அழுதுகொண்டே பேசினாள். “குழந்தை எப்படி இருக்கு சிஸ்டர்? என்னை மன்னிச்சிடுங்க, எங்க தப்பு பண்ணேன்னே தெரியல. உங்ககிட்ட வந்து கத்துக்கட்டுமா?”

கறாரக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்பாவிடம் எப்படியோ சொல்லிவிட்டாள். இவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

“அழாதம்மா” என்றாள். “முதல்ல நான் சொல்றதக் கேளு.”